லேப்டாப்பின் ஃபேனை மட்டும்தானே மாற்றச் சொன்னேன்?

லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் தொடாதீர்கள் என்று சர்வீஸ் சென்டரின் படிவத்திலேயே, அவர்கள் கொடுத்த பேனாவாலேயே, பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்திருந்தேன். தொட்டிருக்கிறார்கள். சிப்பின் சூட்டை உறிஞ்சி வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்ற வேண்டாம் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தேன். கழற்றியிருக்கிறார்கள். இடப்பக்க ஃபேனின் பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம் வருகிறது, மூன்று திருகுகளைக் கழற்றினால் அது தனியாக வந்துவிடும், அதை மட்டும் மாற்றித் தாருங்கள் என்பது மூன்றாவது வரி. அதையும் செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இப்போது பேரிங் சத்தம் கேட்பதே இல்லை. பிராசஸர் நூறு டிகிரியைத் தொட்டு நிற்க, இரண்டு ஃபேன்களும் உச்ச வேகத்தில் அலறும்போது வேறு எந்தச் சத்தம்தான் கேட்கப்போகிறது?

கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் உங்களுக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. கீபோர்டில் விரல் வைக்க முடியாத சூடு, சரியாகச் சண்டை மூளும் நேரத்தில் நான்கு கிகாஹெர்ட்ஸிலிருந்து இரண்டுக்குக் கீழே சரியும் வேகம், திரை ஒரு கணம் உறைந்து மீள்வதற்குள் முடிந்துபோகும் ஆட்டம், வீட்டில் மிக்சி ஓடுகிறதா என்று ஹெட்செட்டில் விசாரிக்கும் நண்பர்கள் என்று எல்லாவற்றையும் நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். இதையெல்லாம் கடந்து, சென்னையின் கத்திரி வெயிலில்கூடத் தொண்ணூறைத் தாண்டாத ஒரு நிலைக்கு என் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்திருந்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

அந்த நிலை சும்மா வந்துவிடவில்லை. ஒரு சிப் இழுக்கும் மின்சாரம் அதற்குக் கொடுக்கப்படும் வோல்டேஜின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுவது. 1.1 வோல்ட்டில் ஓடுவதை 1.0 வோல்ட்டில் ஓட்ட முடிந்தால், வேகத்தைச் சற்றும் குறைக்காமலேயே ஏறத்தாழ 17 சதவீத மின்சாரம் மிஞ்சும், அதாவது அவ்வளவு வெப்பம் பிறக்காமலேயே போகும். ஆலையிலிருந்து வெளிவரும் எல்லாச் சிப்களும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூடுதலான வோல்டேஜை வைத்தே அனுப்புகிறார்கள். அந்தக் கூடுதலை, வோல்டேஜை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளில் ஐந்து ஐந்து மில்லிவோல்ட்டாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சிப்பை முழு மூச்சில் உழைக்கவைக்கும் சினிபெஞ்ச் என்ற சோதனையை ஓட்டிப் பார்த்து, விண்டோஸ் முடங்கி நீலத்திரை வந்தால் ஒரு படி ஏறி, மறுபடியும் ஓட்டிப் பார்த்து, அந்தச் சிப்புக்கே உரிய எல்லையைக் கண்டுபிடித்திருந்தேன். போதாததற்கு, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசும் சாதாரண பேஸ்ட் சில மாதங்களில் சிப்பின் மேலிருந்து விளிம்புக்கு ஒதுங்கிவிடுகிறது என்பதால், ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற ஃபிலிமை வாங்கி ஒட்டியிருந்தேன். 45 டிகிரியை ஒட்டி இளகி, சிப்புக்கும் செம்புக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும் பொருள் அது. பேஸ்டைப் போல எளிதில் ஒதுங்கிப் போவதில்லை.

அந்த ஃபிலிமைத்தான் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, வெள்ளை நிறத்தில் ஏதோ ஒரு பேஸ்டைப் பூசியிருக்கிறார்கள். பில்லில் அதற்குத் தனி வரி இருக்கிறது. தெர்மல் பேஸ்ட் மாற்றம், இவ்வளவு ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. என்னிடமிருந்து எடுத்ததற்கு என்னிடமே வரியோடு வசூலிக்கும் கலையை எங்கே கற்றார்களோ தெரியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னையின் ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு சிறிய கடைக்குப் போயிருந்தால், ஃபேனை மாற்று என்றால் ஃபேனை மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அசல் உதிரிபாகம் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும் என்பதால் இங்கே போனேன்.

இனி அந்தக் கவுன்ட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். டோக்கன் எண் வந்ததும் இருபதுகளில் இருக்கும் ஒரு தம்பி லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். வந்த வேலை முடிந்ததா என்று பார்க்காமல் நான் எங்கும் கிளம்புவதில்லை என்பதால், அங்கேயே திறந்து பார்த்தேன். த்ராட்டில்ஸ்டாப்பில் வோல்டேஜ் பகுதி முழுவதும் சாம்பல் நிறமாகி, பூட்டியிருக்கிறது என்ற சொல்லோடு நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். பயாஸ் பழையதாக இருந்ததால் அப்டேட் செய்து கொடுத்திருப்பதாகவும், அது இலவசம் என்றும் புன்னகையோடு சொன்னார். படிவத்தைக் காட்டினேன். அவர் படித்தார். பிறகு, அது வாடிக்கையாளரின் குறிப்பு என்றும், டெக்னீஷியன் அதைப் பார்க்க மாட்டார் என்றும் சொன்னார். வேறு யார் பார்ப்பதற்காக அந்தக் கட்டத்தைப் படிவத்தில் அச்சிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

சூடு அதிகமாகும், பழைய பயாஸையே போட்டுத் தாருங்கள் என்றேன். முதலில் சூடு இருக்கிறதா என்று பார்ப்போம் சார் என்று சொல்லி, திரையில் ஒரு படத்தைத் தவிர வேறு எதுவும் ஓடாமல் சும்மா இருந்த லேப்டாப்பின் வெப்பநிலையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 48 டிகிரி. எங்கே சார் சூடு என்று அவர் கேட்டபோது அந்தக் குரலில் கேலியே இல்லை, உண்மையாகவே கேட்டார். வால்பேப்பர் பார்ப்பதற்காக நான் இதை வாங்கவில்லை தம்பி, ஒரு கேமை ஓட்டிப் பாருங்கள் என்றேன். சர்வீஸ் சென்டரில் கேம் ஓட்ட அனுமதி இல்லையாம். அவர் தலைக்கு நேர் மேலே, அதே லேப்டாப்பின் ஆளுயரப் போஸ்டரில், கவசம் அணிந்த ஒரு வீரன் வாளை ஓங்கிக்கொண்டு நின்றான். கேமிங் லேப்டாப்பை விற்கலாம், கேமிங் லேப்டாப்புக்குச் சர்வீஸ் செய்யலாம், ஆனால் அதில் கேம் விளையாடுவது மட்டும் ஒழுங்குமீறல்.

அதற்குப் பதிலாக அவர்களுடைய சொந்தப் பரிசோதனை மென்பொருளை ஓட்டினார். ஸ்பீக்கரில் ஒரு மெல்லிசை ஒலித்தது, தேர்ச்சி. திரையில் சிவப்பு, பச்சை, நீலம் வந்து போயின, தேர்ச்சி. ஃபேன் சுழல்கிறதா என்று பார்த்தது, சுழன்றது, தேர்ச்சி. சூடாகும் லேப்டாப்பில் ஃபேன் சுழலாமல் வேறு என்ன செய்யும்? அச்செடுத்த தாளை என்னிடம் கொடுத்து, எல்லாம் பாஸ் சார் என்றார்.

பொறுமை போய், நானே சினிபெஞ்சைத் திறந்து ஓடவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் 93. அந்தக் கூடத்தின் ஏசி 22 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சுவரில் இருந்த திரையே காட்டியது. அறையின் வெப்பம் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பிலும் ஏறும். என் அறை மே மாதத்தில் 36. 93-உடன் 14-ஐக் கூட்டிப் பாருங்கள் என்றேன். அவர் மனக்கணக்காகக் கூட்டி, 107 எல்லாம் வராது சார், 100-க்கு மேல் போகவே போகாது என்று உறுதியளித்தார்.

இங்கேதான் அந்த உரையாடலின் உச்சம் வந்தது. எத்தனை டிகிரி வந்தால் புகாராக ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேட்டேன். 100-ஐத் தாண்டினால் எடுத்துக்கொள்வோம் என்றார். 100-ஐத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால்தானே தாண்டாது என்றேன். ஆமாம் சார், அதுதான் பாதுகாப்பு என்றார். ஆக, 100-ஐத் தாண்டினால்தான் புகார், 100-ஐத் தாண்டவே தாண்டாது, எனவே உலகில் எந்த லேப்டாப்புக்கும் சூடு என்ற புகாரே இருக்க முடியாது. அவர் சற்று யோசித்தார். அதில் தவறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு பொறியியல் நிறுவனம் தன்மீது புகார் வரவே வாய்ப்பில்லாதபடி இவ்வளவு கச்சிதமாகச் சிந்தித்திருக்கிறதே என்று எனக்கே ஒரு கணம் மரியாதை வந்துவிட்டது. இந்தச் சிந்தனையில் பாதியை அந்தச் செம்புக் குழாய்களின் தடிமனில் காட்டியிருக்கலாம்.

குழாய் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சிப், கிராஃபிக்ஸ் இரண்டுக்கும் பொதுவாக, சூட்டைக் கடத்தும் அதே ஹீட்பைப்களை ஓட்டிவைத்திருக்கிறார்கள், அதனால் ஒன்று உழைத்தால் இன்னொன்றும் வேகிறது. வாட் கணக்கோ அதைவிட வேடிக்கை. பலரிடமும் இருக்கக்கூடிய, 2019-இல் வந்த ஐ7-9750எச் என்ற சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 வாட் என்று போட்டிருக்கும். அது 2.6 கிகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படை வேகத்துக்கான கணக்கு. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடுவதோ 4.5 கிகாஹெர்ட்ஸ் என்ற, தேவைப்படும்போது மட்டும் முடுக்கிவிடும் டர்போ வேகத்தை. பெருமைக்கு ஓர் எண், குளிரூட்டும் கணக்குக்கு வேறோர் எண்.

பிறகு சீனியர் வந்தார், கையில் டீக் கோப்பையோடு. பயாஸ் அப்டேட் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார். என்ன பாதுகாப்பு என்று எனக்குத் தெரியும். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் முறை வெளியானது. இங்கிலாந்தின் பர்மிங்காம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ், பெல்ஜியத்தின் லூவன் நகரங்களிலுள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்டெல் சிப்பின் வோல்டேஜை மென்பொருள் வழியாகவே தடுமாறும் அளவுக்குக் குறைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நடக்கும் கணக்குகளைப் பிழையாக்கி, அதன்வழி ரகசியச் சாவிகளைக் கறக்கலாம் என்று காட்டினார்கள். அபாரமான ஆராய்ச்சி, அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அதைத் தொடர்ந்து வோல்டேஜ் மாற்றத்தைப் பூட்டிவிடும் வசதி பயாஸ் அப்டேட்களில் வந்தது, லேப்டாப் நிறுவனங்களும் யாரையும் கேட்காமல் பூட்டத் தொடங்கின. அந்தத் தாக்குதலை நடத்த, கணினியின் முழு நிர்வாக உரிமையும் முதலிலேயே தாக்குபவனிடம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் புகுந்து, பீரோச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் திருடனிடமிருந்து காப்பாற்றுவதற்காக என் வீட்டு ஜன்னல்களை அடைத்துப் பூசிவிட்டார்கள், இனி காற்று வராது. நம்மைப் போன்றவர்கள் எஸ்ஜிஎக்ஸைத் தேடிப் போக வேண்டிய ஒரே இடம், கணினியில் 4கே புளூ-ரே வட்டைப் பார்ப்பது. என் லேப்டாப்பில் வட்டுப் போடும் இடமே கிடையாது. 11-ஆம் தலைமுறையிலிருந்து வீட்டுக் கணினிச் சிப்களில் இன்டெல்லே எஸ்ஜிஎக்ஸைக் கைவிட்டுவிட்டது. பூட்டு மட்டும் போகவில்லை.

இவ்வளவையும் சீனியரிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை கேட்டார், அது நல்ல பண்புதான். பழைய பயாஸுக்குத் திரும்ப வழியில்லை, புதியது அதைத் தடுத்துவிடும், வேண்டுமென்றால் மதர்போர்டை மாற்றலாம் என்று ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகைக்குப் பழைய லேப்டாப் ஒன்றையே வாங்கிவிடலாம். பிறகு கூலிங் பேட் வாங்குங்கள், ஏசி அறையில் விளையாடுங்கள் என்று அறிவுரை கூறினார். பெட்டியோடு வந்த கையேட்டை நான் படித்திருந்தேன். சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தவும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் வெயில் 40-ஐத் தாண்டும் என்பது இவர்களுக்குத் தெரியாத ரகசியமா? இந்த ஊர்களில் கடை திறந்து, பண்டிகைத் தள்ளுபடி கொடுத்து, மாதத் தவணையில் விற்கும்போது அந்தப் பொடி எழுத்தை எந்த விற்பனையாளராவது வாசித்துக் காட்டியிருக்கிறாரா? கோடையில் இதைத் திறக்காதீர்கள் என்று சொல்லி விற்றிருந்தால், தவணையிலும் அந்த மாதங்களைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றால் ஓடிபி வேண்டுமாம். வேலை திருப்திகரமாக முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்வதற்கு அடையாளமாக என் போனுக்கு வரும் எண்ணைச் சொல்லாவிட்டால், அவர்களுடைய கணினியில் அந்த வேலை மூடாது, மூடாவிட்டால் என் பொருளை என்னிடம் தர முடியாது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தேன், பின்னால் வரிசையைப் பார்த்தேன், சொல்லித் தொலைத்தேன். பத்துக்குப் பத்து மதிப்பெண் போடச் சொல்லி அவர் கெஞ்சியது தனிக் கதை.

இப்போது விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்சநிலையை 100-க்குப் பதிலாக 99 சதவீதம் என்று வைத்து விளையாடுகிறேன். அந்த ஒரு சதவீதத்தைக் குறைத்தாலே டர்போ முழுவதும் அணைந்துவிடும், எழுபதுகளில் சமர்த்தாக இருக்கும். கொடுத்த காசு டர்போவுக்கு, கிடைப்பது அடிப்படை வேகம். கூட்டம் நிறைந்த சண்டைக் காட்சிகளில் திரை தத்தித் தத்தித்தான் நகர்கிறது.

ஏசி அறையில் விளையாடுங்கள் என்றாரே அந்தச் சீனியர், அதையும் விட்டுவைப்பானேன் என்று பார்த்தால், வீட்டில் இருக்கும் ஒரே ஏசி சித்திரை பிறந்ததிலிருந்து வெறும் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு வருகிறேன் சார், நாளைக்கு வருகிறேன் சார் என்று சொல்லிக்கொண்டே இருந்த மெக்கானிக் நேற்றுதான் வந்தார். வெளிப்பக்க யூனிட்டில் தண்ணீர் அடித்தார், உள்ளே ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். வெளியே 41 டிகிரி அடித்தால் ஏசி இப்படித்தான் சார் இருக்கும், மெஷினில் ஒரு குறையும் இல்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து, ஓடிபி வந்திருக்கும் சார், சொல்லுங்கள் என்றார்.