பிரதாப் போத்தன் வெறும் 'சைக்கோ' நடிகர் அல்ல

நடிகர் பிரதாப் போத்தனைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை அருமை. ஆனால் 'மூடுபனி', 'வறுமையின் நிறம் சிவப்பு' என்று நடிப்பையே சுற்றிவந்து, இயக்குநர் பிரதாப் போத்தனை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் படமான 'மீண்டும் ஒரு காதல் கதை'க்கே அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது வாங்கியவர் அவர். மனவளர்ச்சி குன்றிய இருவரின் காதலைச் சொல்லும் கதை, அவரும் ராதிகாவும் நடித்தது. அந்தக் காலத்தில் இதைத் தொட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அப்படி ஆரம்பித்தவர் 1989-ல் 'வெற்றி விழா' எடுக்கிறார். நினைவு தப்பிய கமல், வில்லன் ஜிந்தாவாக சலீம் கௌஸ். கமல், பிரபு இருவரில் யாருடைய ரசிகரும் குறை சொல்ல முடியாதபடி காட்சிகளைப் பங்கிட்டிருப்பார். ஜிந்தா வரும் காட்சிகளை இப்போது பார்த்தாலும் அந்த மிரட்டல் குறையவில்லை. பிறகு நெப்போலியனை வைத்து 'சீவலப்பேரி பாண்டி'. திருவனந்தபுரத்தில் பிறந்து லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் படித்தவர், நெல்லைச் சீமைக் கதையை அந்த மண்ணின் மைந்தரைப் போலவே எடுத்தார்.

மலையாளத்தில் சிவாஜியையும் மோகன்லாலையும் தந்தை மகனாக நடிக்கவைத்த 'ஒரு யாத்ராமொழி'யும் (1997) இவர் இயக்கியதுதான். தயவுசெய்து இவர் இயக்கிய படங்களுக்கென்றே தனிக் கட்டுரை எழுதுங்கள் சார்.