சஹானாவும் சிங்கப்பூர்ப் பங்காளியும்

நேற்று ராத்திரி காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், கச்சேரி. எந்த வீடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், நாளைக்கு அந்தத் தெருவில் நான் நடமாட வேண்டாமா. பாட்டு பிரமாதம். அதாவது, என் காதில் விழுந்த மட்டும் பிரமாதம்.

பின் வரிசையில் இரண்டு ஆச்சிகள். முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று நானே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் புண்ணியத்துக்குக் கிடைத்த பலன்தான் மீதிக் கதை.

முதல் உருப்படியான வர்ணம் முடிகிற வரை பாதகமில்லை. வர்ணத்தின்போது நம் ஆட்கள் ஃபேனுக்கு நேராக இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், அது வழக்கம், விட்டுவிடலாம். அப்புறம் பாடகியம்மா சஹானா ராகத்தை எடுத்தார். அவசரமே இல்லாமல் இறங்கி வந்து ரிஷப ஸ்வரத்தில் உட்கார்ந்தார் பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வரப் போகிற நேரம், பின்னாலிருந்து, "அந்த இரண்டாங்கட்டு ஓடு எந்தப் புள்ளி பங்குல வருது?"

கண்ணீர் அப்படியே உள்ளே போய்விட்டது.

பதினாறு புள்ளிக்கு, அதாவது பதினாறு குடும்பத்துக்கு, பாத்தியப்பட்ட வீடாம். மழையில் ஓடு சரிந்துவிட்டதாம். மாற்றுகிற செலவைப் பதினாறாகப் பிரிக்க வேண்டுமாம். பாடகி காந்தாரத்தை அசைத்துக் காட்டுகிறார், ஆச்சி கணக்கு காட்டுகிறார். வயலின் பதில் சொல்கிறது, "தேவகோட்டைக்காரவுக தரமாட்டேன்னுட்டாக" என்று இன்னொரு ஆச்சியும் பதில் சொல்கிறார். இங்கே மேல் ஸ்தாயி, அங்கே மேல் மாடி. ஒரு கட்டத்தில் யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்றே எனக்குப் புரியவில்லை.

குசுகுசுவென்றுதான் பேசினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் குசுகுசுப்புதான் ஆபத்தே. நேராகப் பேசினால்கூடப் பாட்டோடு பாட்டாகப் போய்விடும், குசுகுசுத்தால் அந்தச் 'ஸ்ஸ்' மட்டும் ஊசி மாதிரி வந்து குத்தும். போதாக்குறைக்கு நம் வளவின் அமைப்பு. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி இழைத்தது, சத்தத்தை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு திரைச்சீலை கிடையாது. முன்னால் சொன்ன ரகசியம் தூணைச் சுற்றிக்கொண்டு பின்கட்டு வரை போகும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரு முறை முறைத்தேன். என்னிடம் இருப்பதிலேயே கடுமையான முறைப்பு, ஆபீசில்கூட அதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பேன். ஆச்சி என்ன செய்தார்? "புழுங்குதா தம்பி?" என்று மடியிலிருந்த பனையோலை விசிறியை எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? மீதி ஆலாபனை முழுக்க எனக்கு நானே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையில் இடது பக்கத்து அண்ணனுக்கு போன். "கச்சேரில இருக்கேன், பேச முடியாது" என்றார். பேச முடியாது என்பதையே நாலு நிமிஷம் பேசினார்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அரியக்குடி. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுவென்று சில கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமாக ஒன்று, கடைசியில் துக்கடா என்று இன்றைக்கு மேடைக்கு மேடை நடக்கிறதே, அந்த வரிசையை நிலைநிறுத்திய பாடகர் ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அந்த ஊர்க்காரர். கேட்கிறவனுக்குச் சலிக்கக் கூடாது என்று அந்த மனிதர் பார்த்துப் பார்த்துச் செய்தார். நாமும் சலிக்காமல்தான் இருக்கிறோம், பேசிக்கொண்டு. காரைக்குடி சகோதரர்கள் வீணை வாசித்த சீமை இது, அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் மடியில் கிடத்தி வாசிப்பார். வீணையின் சத்தம் எவ்வளவு சன்னம்! மைக் வராத நாளில் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள்? ஒருவேளை அப்போதெல்லாம் ஓடு சரியவில்லையோ என்னவோ.

பாட்டை நிறுத்தித் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் வந்ததும் முக்கால்வாசிக் கூட்டம் எழுந்துவிட்டது. மிருதங்கக்காரர் முதல் அடி வைப்பதற்குள் நாற்காலி இழுபடும் சத்தம். மிருதங்க வித்வான் காரைக்குடி மணி (1945–2023) பிறந்த சீமையில்! தாள வாத்தியத்தை மட்டும் வைத்தே ஒரு கச்சேரியை நிறுத்திக் காட்டியவர் அவர். நமக்குத் தனி என்றால் பாத்ரூம்.

என் ஆச்சிகள் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி ஒருபுறம், கதை முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டது இன்னொருபுறம். சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் வீட்டை ஓட்டலுக்கு விடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற பதினைந்து பேருக்கும் வழி. அவருடைய மகன் நேரே வந்திருக்கிறான். பத்திரத்தை விரித்து வைத்திருக்கிறார்கள். அவன் பேனாவைத் திறந்துவிட்டு ஆத்தாளுக்கு போன் போடுகிறான். "கடைசியில என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆச்சி மூச்சு வாங்க, சரியாக அப்போது மிருதங்கமும் கஞ்சிராவும் சேர்ந்து, தனியை முடிக்கிற கோர்வைக்குள் இறங்கிவிட்டன. மூன்று தடவை. ஒரு வார்த்தை காதில் விழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு மிருதங்கக்காரர் மேல் கோபம் வந்தது.

பாட்டு முடிந்து பொன்னாடை, பாராட்டுரை. இருபத்தைந்து நிமிஷம். அப்போது பாருங்கள், வளவில் ஊசி விழுந்தால் கேட்கும். எங்கே தன் பெயரை விட்டுவிடப் போகிறார்களோ என்று ஆளாளுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஆச்சிகள் எனக்கு நாலு ஆள் முன்னால். முழங்கால் வலி எப்போது போனது என்று தெரியவில்லை. விசிறியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன், "ஆச்சி, அந்தச் சிங்கப்பூர்ப் பையன் கையெழுத்துப் போட்டானா இல்லையா?"

ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்ப்பா, நீ பாட்டுக் கேக்க வந்தியா, நாங்க பேசுறத ஒட்டுக் கேக்க வந்தியா?"

என்ன சொல்ல? சிரித்துவிட்டு வரிசைக்குத் திரும்பினால் என் இடத்தில் போன் அண்ணன் நிற்கிறார். என் முறை வந்தபோது வெள்ளைப் பணியாரம் தீர்ந்துவிட்டது. மிளகாய்த் துவையல் மட்டும் ஒரு சட்டி நிறைய இருந்தது, வேண்டுமா என்று கேட்டார்கள். வெறும் துவையலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆளுக்கு இரண்டு என்று எண்ணிப் போடத் தெரியாதா? ஆச்சி இலையில் ஆறு இருந்தது. நான் எண்ணினேன்.