சாப்பிடத்தானே போகிறாய்?

தருமபுரியில் புதிதாக ஓர் உணவகம் திறந்திருக்கிறார்கள். தோழிகளோடு இரவு உணவுக்குப் போகலாம் என்று பட்டுப்புடவை உடுத்தி வாசலுக்கு வந்தால் போதும், தெருவே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. "யாருக்குக் கல்யாணம்?" என்பார் எதிர்வீட்டு அத்தை. இல்லை என்றால், "சாப்பிடத்தானே போகிறாய், அதற்குப் பட்டா?" கல்யாணமோ காதுகுத்தோ இருந்தால்தான் ஒரு பெண் நன்றாக உடுத்தலாம் என்று யார் சட்டம் போட்டது?

அதுவும் இந்த ஊரில்! பட்டுக்கூடு அங்காடி இருக்கும் ஊர் இது. விவசாயிகள் மல்பெரி வளர்த்து, புழுவுக்கு வேளை தவறாமல் இலை போட்டு, கூடுகளை இங்கே ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல கூடு ஒன்றைப் பிரித்தால் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை வரும். அத்தனை பேர் உழைப்பில் உருவான துணியைப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் அதற்கு மரியாதையா? மடித்தபடியே கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும், தெரியுமா?

என் தம்பி புதுச் சட்டையும் சென்ட்டுமாக நண்பர்களோடு கிளம்பும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. (அவன் டீ குடிக்கப் போகிறான், அவ்வளவுதான்.)

வேலை, வீடு, பிள்ளைகளின் தேர்வு எல்லாம் தாண்டி நாங்கள் ஒரே மேசையில் உட்காருவதே அபூர்வம். எனக்கு அது விசேஷம்தான். மல்லிகை வைத்து, வளையல் அடுக்கிக்கொண்டுதான் போவேன். கேட்டே ஆகவேண்டும் என்றால் அங்கே பிரியாணி எப்படி என்று கேளுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.