சரளையில் ஓட்டினீர்களா என்று கேட்கிறார்கள்

என்னிடம் இருப்பது மேலே நின்றபடி ஓட்டும், காற்று டயர் வைத்த மின்சார ஸ்கேட்போர்டு. மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் பெல்ட் நடுவழியில் அறுந்துபோனதால் வாரன்டி கேட்டு கம்பெனிக்கு எழுதியிருந்தேன். இன்று காலை பதில் வந்துவிட்டது. பதினோரு நாள் காத்திருந்தேன். நான்கு போட்டோ, இரண்டு வீடியோ, பில் நகல், சீரியல் நம்பர் எல்லாம் அனுப்பினேன். அதே சீரியல் நம்பரை மறுபடி கேட்டார்கள், மறுபடியும் அனுப்பினேன். கடைசியில் வந்தது மூன்றே வரி. "பெல்ட்டிலும் புல்லியிலும் (பெல்ட் ஓடும் பல்சக்கரம்) கல் சிக்கிய அடையாளம் தெரிகிறது. சரளை, மணல், ஈரம் ஆகியவற்றால் ஏற்படும் சேதம் வாரன்டியில் சேராது. கரடுமுரடான பாதையில் ஓட்டினீர்களா என்பதைத் தெரிவிக்கவும்."

ஓட்டினேன் ஐயா. கரடுமுரடான பாதையில்தான் ஓட்டினேன். பெட்டியின் மேல் 'ஆல் டெரெய்ன்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது நீங்கள்தானே? எல்லாத் தரைக்கும் என்பதுதானே அதற்கு அர்த்தம்? உங்கள் விளம்பரத்தில் ஒருவன் ஆற்றங்கரைக் கூழாங்கற்களைச் சிதறடித்துக்கொண்டு போகிறான். கல் தெறிப்பதை ஸ்லோமோஷனில் வேறு காட்டுகிறீர்கள். அப்படித் தெறித்த கல்லில் ஒன்று பெல்ட்டுக்குள் போகும் என்பது அந்த மின்சாரப் பலகையை வடிவமைத்தவனுக்குத் தெரியாதா? இதே மாதிரி, மோட்டார் மட்டும் இல்லாத மவுண்டன்போர்டு 1990-களிலிருந்தே மண் சரிவுகளில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சரளை என்ன செய்யும், புழுதி எங்கே புகும், ஈரமண் பேரிங்கை என்ன பாடு படுத்தும் என்பதெல்லாம் முப்பது வருடமாகத் தெரிந்த சங்கதி. அதற்குப் பிறகும் பின்சக்கரங்களின் பக்கத்தில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், பல்வைத்த ரப்பர் பெல்ட்டைத் திறந்துபோட்டு வைத்துவிட்டு என்னிடம் வந்து சரளையில் ஓட்டினாயா என்கிறீர்கள்.

அன்றைக்கு நடந்ததை நான் சொல்லித்தான் தீருவேன்.

செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு மீட்டிங். வீட்டிலிருந்து வேலைக்கு ஒன்பது கிலோமீட்டர், அதில் இரண்டரை கிலோமீட்டர் கால்வாய்க்கரைச் சரளைப் பாதை. இந்தப் போர்டை வாங்கியதே அந்தப் பாதைக்காகத்தான். மெயின் ரோட்டில் லாரிக்கு நடுவே போக எனக்குத் துணிவில்லை. சின்னச் சக்கரப் போர்டு சரளையில் முதல் கல்லிலேயே நின்று, ஆளைத் தூக்கி முன்னே எறிந்துவிடும். எட்டு அங்குலக் காற்று டயர் என்றால் கரைவழியே நிம்மதியாகப் போகலாம். கணக்கு அவ்வளவுதான்.

எட்டு மணி பதினெட்டு. வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். வலதுபக்கம் தண்ணீர், இடதுபக்கம் புதர். 'டக்' என்றது. உடனே 'டர்ர்ர்' என்று பின்னங்காலுக்கடியில் ஒரு நடுக்கம், அடுத்த நொடி இடது மோட்டார் சுமையில்லாமல் வீறிட்டது. போர்டு இடப்பக்கம் இழுத்தது. குதித்து ஐந்தாறு எட்டு ஓடித்தான் நிற்க முடிந்தது. புரட்டிப் பார்த்தால் பெல்ட் அறுந்து தொங்குகிறது. விரல் நீளத்துக்குப் பல்லே இல்லை, மொட்டையாக வழித்திருக்கிறது. புல்லியின் இரண்டு பற்களுக்கு நடுவே பட்டாணி அளவில் ஒரு கல், யாரோ அளந்து செதுக்கிப் பொருத்தியதுபோல உட்கார்ந்திருந்தது.

பெட்டியோடு கொடுத்த மாற்று பெல்ட் பையில் இருந்தது. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். பெல்ட் என்பது வளையம். அதை மாட்ட சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற அச்சு நட்டைத் திருப்ப வேண்டும். நட்டு சக்கரத்தின் குழிக்குள் இருக்கிறது. இவர்கள் கொடுத்த 'டி' வடிவ ஸ்பேனரின் வாய் தடிமன், அந்தக் குழிக்குள் நுழையவே நுழையாது. அவர்கள் கொடுத்த கருவி அவர்கள் செய்த நட்டுக்கே சேரவில்லை! இதை ஒருமுறையாவது யாராவது கையில் எடுத்து மாட்டிப் பார்த்திருப்பார்களா? என் சொந்த ஸ்பேனர் ஒன்று பையின் அடியில் கிடந்ததால் நட்டு கழன்றது. அடுத்து பெல்ட்டின் வெளிப்பக்கத்தை மட்டும் மறைக்கும் தகடு. அதில் மூன்று சின்ன ஆலன் போல்ட். ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது, வந்த வேகத்தில் துள்ளிச் சரளைக்குள் விழுந்தது. கறுப்புச் சரளையில் கறுப்பு போல்ட். மண்டியிட்டு ஒன்பது நிமிடம் தேடினேன். முட்டிக்காலில் கல் குத்திய தழும்பு இன்னும் போகவில்லை. மூன்றாவது போல்ட்டுக்குப் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள், அதிர்வில் கழலக் கூடாதென்று. கழலவில்லை. ஆலன் கீ சுற்றியது, போல்ட் சுற்றவில்லை, அறுகோணக் குழி உருண்டையாகிப் போனது. அதோடு முடிந்தது கதை. மணி 8.52.

சரி, இன்னொரு மோட்டார் இருக்கிறதே என்று சக்கரத்தைத் திரும்ப மாட்டி ஏறினேன். ஒரு பக்கம் மட்டும் தள்ளும் போர்டை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். நேராகப் போகவைக்க உடம்பை முறுக்கிக்கொண்டே நிற்க வேண்டும். பிரேக்கும் பாதிதான், அதுவும் ஒரு பக்கமாக இழுக்கும். அறுநூறு மீட்டர் தாண்டுவதற்குள் வலது பெல்ட்டும் 'கடகட'வென்று பல் தாவ ஆரம்பித்தது. இறங்கிவிட்டேன்.

இனிதான் விஷயமே. பதினாறு கிலோ, ஒரு மீட்டருக்கு மேல் நீளம். தூக்க ஒரு கைப்பிடி கிடையாது. கக்கத்தில் இடுக்கினால் டயர்ச் சேறு முழுக்க சட்டையில். முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுவண்டி மாதிரி இழுத்தால் மிச்சமிருக்கும் பெல்ட் மோட்டாரைச் சேர்த்துச் சுழற்ற, கையை எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தோளில் வைத்தால் சக்கர அச்சைத் தாங்கும் 'ட்ரக்'கின் ஸ்பிரிங் கழுத்தெலும்பில் பதிகிறது. இரண்டு கிலோமீட்டர் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றித் தூக்கினேன். அதற்கப்புறம் தண்டவாளத்தைத் தாண்டும் நடைமேம்பாலம். நாற்பத்தாறு படி. எண்ணிக்கொண்டே ஏறினேன், வேறு எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவது? இருபத்தொன்றாவது படியில் ஒரு பெரியவர் "தம்பி, இத வச்சு என்ன பண்றது?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. பத்து மணி ஐந்துக்கு வாசலில் போய் நின்றால் காவலாளி அண்ணன் கையை நீட்டித் தடுக்கிறார். "சார், பேட்டரி வண்டி உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவருக்கு இட்ட உத்தரவு அது. ஆனால் இதை வேலைக்குக் கொண்டுபோகும் வண்டி என்று எனக்கு விற்றவர்கள், போய்ச் சேர்ந்தபிறகு எங்கே வைப்பது என்று ஒரு கணமாவது யோசித்தார்களா?

ரிவியூ போடுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். வாங்குவதற்கு முன் இருபது வீடியோவாவது பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் உச்ச வேகம், புல்மேடு, டிரோனில் எடுத்த சூரியாஸ்தமனம். ஒருவர்கூடப் படியேறவில்லை. ஒருவர்கூட நடுவழியில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. நான்கு நாள் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறவருக்கு பெல்ட் எப்போது அறும் என்று எப்படித் தெரியும்? 'தினசரிப் பயணத்துக்கும் ஏற்றது' என்று கடைசி நிமிடத்தில் ஒரு வாக்கியத்தைச் செருகிவிடுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் காசைக் கொட்டுகிறோம். ஒன்பது மணிக்கு ஓரிடத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயத்தோடு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காதவர்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது.

தூரக் கணக்கும் அப்படித்தான். பெட்டியில் 50 கிலோமீட்டர். கையேட்டின் அடியில் எறும்பு எழுத்தில்: 70 கிலோ எடை, மணிக்கு 20 கிலோமீட்டர் சீரான வேகம், சமதளத் தார்ச்சாலை, 25 டிகிரி வெப்பம். என் எடை 82. என் வழியில் ஒரு மேடு, ஐந்து சிக்னல், எதிர்க்காற்று. பேட்டரி சராசரியாக 43.2 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர், அதாவது மொத்தம் 864 வாட்-ஹவர் மின்சாரம். அதை 50-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்குப் பதினேழு சொச்சம் வாட்-ஹவர். எட்டு அங்குலக் காற்று டயர் மண்ணில் அமுங்கி உருள்வதற்கு அது எந்த மூலைக்கு? மூன்று வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். கிலோமீட்டருக்குத் தாரில் 24, சரளையில் 34 வாட்-ஹவர் வரை தின்கிறது. கலந்து ஓட்டினால் முழு சார்ஜுக்கு 27 முதல் 31 கிலோமீட்டர். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். நிமிர்ந்து நின்று போகிறவனின் உடம்பே பாய்மரம். இதெல்லாம் இவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 50 என்று போட்டிருக்கிறார்கள்.

பிரேக் பற்றி நான் எழுதாமல் விட்டால் அது பாவம். இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் பிரேக் கட்டை கிடையாது. மோட்டார்தான் பிரேக். நிறுத்தும்போது அது மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்குள் தள்ளுகிறது. பன்னிரண்டு செல் வரிசை, செல்லுக்கு 4.2 வோல்ட், நிறைந்தால் 50.4. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால்? மின்னழுத்தம் எல்லை தாண்டுவதைப் பார்த்து, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பிரேக்கைத் தளர்த்திவிடும். மோசமான போர்டில் பேட்டரிக் காவல் சுற்று மொத்தமாகவே துண்டித்துவிடும். இப்போது வேலைக்குப் போகிறவனின் காலையை நினைத்துப் பாருங்கள். இரவு முழுக்க சார்ஜ் போட்டு வைத்திருப்பான். வீடு மேட்டில். வாசலைத் தாண்டியதுமே இறக்கம். எனக்கு முதல் வாரமே கையில் பிடித்து ஓட்டும் ரிமோட் நடுங்கியது, பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது, அடியில் ஒரு பள்ளி வேன் நின்றிருந்தது. புல்வெளியில் குதித்துத் தப்பினேன். அன்றிலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்குமேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. தினமும் மேட்டிலிருந்து இறங்குகிறவர்கள் யாரும் ஏற்றாதீர்கள். இருபது வீடியோவில் ஒன்றில்கூட இதை யாரும் சொல்லவில்லை. கையேட்டில் 38-ஆம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது.

ஐபி 55 என்று ஸ்டிக்கர் வேறு. முதல் 5 புழுதிக்கு, இரண்டாவது 5 நீர்ப் பீய்ச்சலுக்கு. வாரன்டிச் சீட்டில் புழுதியும் கிடையாது, ஈரமும் கிடையாது. தாங்கும் என்றால் பொறுப்பேற்றுக்கொள். பொறுப்பேற்க முடியாது என்றால் ஸ்டிக்கரைக் கிழி.

சட்டத்தைப் பற்றி விற்பவனும் வாயைத் திறப்பதில்லை, ரிவியூ போடுபவனும் திறப்பதில்லை. பிரிட்டனில் இதைச் சாலையிலும் ஓட்ட முடியாது, நடைபாதையிலும் ஓட்ட முடியாது. கலிபோர்னியாவில் 2016 முதல் அனுமதி உண்டு, 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஹெல்மெட் வேண்டும், மணிக்கு 15 மைலுக்குமேல் போகக் கூடாது. மணிக்கு 45 கிலோமீட்டர் என்று பெருமையடிக்கும் போர்டை 'வேலைக்குப் போக' என்று விற்பதற்கு முன், உங்கள் ஊரில் சட்டம் என்ன என்று பாருங்கள் என ஒரு வரி எழுதக் கையா வலிக்கிறது?

இவ்வளவு ஏன் எரிகிறது தெரியுமா? அந்தப் போர்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி காயாத புல்சரிவில், டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முழங்காலை மடக்கி ஒரு வளைவு திரும்பும்போது நாலு டயரும் மண்ணைக் கவ்விப் பிடிப்பது உள்ளங்காலில் தெரியும். வேர் தடுக்காது, குழி தடுக்காது. நாற்பது வயதுக்குமேல் உடம்புக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைப்பது லேசில்லை. பொழுதுபோக்குக்கு என்று மட்டும் விற்றிருந்தால் நானே ஊரெல்லாம் சொல்லி நாலு பேரை வாங்க வைத்திருப்பேன். சரளைப் பக்கம் போகிறவர்கள் பெல்ட் வேண்டாம், பல்சக்கரங்களை உறைக்குள் மூடிவைத்த கியர் டிரைவாகப் பார்த்து வாங்குங்கள். இரைச்சல் இருக்கும், கிரீஸ் போட்டுப் பராமரிக்க வேண்டும், ஆனால் கல் புகாது. வாங்குவதற்கு முன் ஒருமுறை கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

நான் என் காசிலேயே இரண்டு பெல்ட்டும் ஒரு பை நிறைய ஆலன் போல்ட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன். இன்று டெலிவரி. அதற்காகவே லீவு போட்டுவிட்டு, வாசற்கதவைத் திறந்துவைத்து, கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது போனில் ஒரு மெசேஜ். "உங்கள் பார்சலை ஒப்படைக்க முயன்றோம். வீட்டில் யாரும் இல்லை."

நான் இங்கேதானய்யா உட்கார்ந்திருக்கிறேன்! காலையிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு ஆள் வரவில்லை, ஒரு மணி அடிக்கவில்லை, ஒரு போன் இல்லை. எந்த வீட்டு வாசலில் நின்று யாரைக் கூப்பிட்டீர்கள்?