டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போனோம்

முகநூலில் சுற்றுகிற அந்த நீர்ப் பூங்கா வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். "அக்கா, இது உங்கள் குழுதானே?" என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில்: ஆமாம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன எங்கள் பெற்றோர் குழுதான். தரையில் படுத்துக் கத்துகிற சிறுவன் என் மகன் இல்லை. ஆனால் அவன் தலைக்கு அடியில் ஒரு கை தெரிகிறதே, அது என் கை. அது சொரசொரப்பான சிமென்ட் தரை. தலையை மோதிக்கொள்வான் என்று தெரியும், அதனால் வைத்தேன். படம் பிடித்த புண்ணியவான் கண்ணில் அந்தக் கை மட்டும் படவில்லை போலிருக்கிறது. "பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் எல்லாம் இங்கே எதற்கு வருகிறார்கள்" என்று தலைப்பு வேறு.

டிக்கெட் எடுத்துத்தான் வந்தோம் ஐயா. உங்கள் பிள்ளைக்கு என்ன விலையோ அதே விலை. வாசலில் உயரம் அளக்கும் கம்பத்தில் நிறுத்திப் பார்த்து, என் மகனுக்குப் பெரியவர் கட்டணம் என்றார்கள். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன். காசு வாங்கும்வரை எங்கள் பிள்ளைகளும் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தார்கள்.

வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. அதற்கு முந்தைய நிமிடத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. செயற்கை அலைக் குளத்தில் அலை கிளம்பும் முன் ஒரு சைரன் ஊதுவார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஓவென்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சத்தம் பிடரியில் அடி விழுவது போல இருக்கும். இதை முன்பதிவு செய்யும்போதே போனில் சொன்னோம். எழுதியும் அனுப்பினோம். "காலையில் முதல் ஒரு மணி நேரம் சைரன் இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம் மேடம், ஊழியர் கொடியை அசைத்துக் காட்டுவார்" என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று காலைப் பணிக்கு வந்த தம்பியிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினார். அவர்மீது எனக்குக் கோபமே இல்லை, பிறகு துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர்தான். கோபமெல்லாம், "மற்ற விருந்தினர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, நீங்கள் அறைக்குப் போய்விடுங்கள்" என்று சொன்ன மேலாளர்மீது. மற்ற விருந்தினர்கள் என்றால் நாங்கள் யார்?

பூங்காவின் பெயரைக் கேட்காதீர்கள், எழுத மாட்டேன். அடுத்த முறையும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். மதுரையைச் சுற்றி இப்படிப்பட்ட இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன.

"யோசிக்காமல் கூட்டி வந்துவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி. யோசிக்காமலா? நீங்கள் நீர்ப் பூங்காவுக்கு எப்படிக் கிளம்புவீர்கள்? காலையில் எழுந்து, "இன்றைக்குப் போகலாமா?" என்பீர்கள். போய்விடுவீர்கள். நாங்கள் எப்படிக் கிளம்புகிறோம் என்று கேளுங்கள்.

நைலான் உடை இல்லாமல் தண்ணீரில் இறங்க விட மாட்டார்கள். பருத்தித் துணியின் நூல் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள், நியாயம்தான். ஆனால் என் மகனுக்குக் கழுத்துக்குப் பின்னால் லேபிள் உரசினாலே சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான். விளக்குத்தூண் பக்கம் வாங்கி வந்த அந்த நைலான் சட்டையில் லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்தேன். அதன் மொடமொடப்பு போகும்வரை திரும்பத் திரும்பத் துவைத்தேன். முதலில் அதை அவன் தலையணை மேல் விரித்து வைத்தேன். பிறகு தொட வைத்தேன். பிறகு பனியனுக்கு மேல் போட்டு, குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீர். பிறகு பனியன் இல்லாமல். இதற்கே ஒரு மாதம் ஓடிப்போனது. நிறம் ஆரஞ்சு. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், அதனால் ஆரஞ்சு.

பிறகு பட அட்டைகள். கார், வாசல், லாக்கர், தண்ணீர், சாப்பாடு, மறுபடி தண்ணீர், அறை, வீடு. இந்த வரிசை அவன் மனதில் பதிய வேண்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால்தான் அவனால் இப்போது நிம்மதியாக இருக்க முடியும். கையில் கட்டும் காகித வளையத்தைப் பிய்த்து எறிந்துவிடுவான் என்பதால் முன்கையில் அழியாத மையால் என் போன் எண். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்கிற இடத்தில் ஒரு டப்பா தயிர்சாதத்துக்காகப் பேசிப் பேசி வாங்கிய அனுமதி. அவனுக்கு வேறு எதுவும் இறங்காது.

அறை விஷயம் இன்னும் பெரிது. குளத்தைப் பார்த்த அறைக்கு நீங்கள் கூடுதலாகப் பணம் கட்டுவீர்கள். நாங்கள் கெஞ்சிக் கேட்பது, குளத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் அறை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் அப்படி ஓர் ஈர்ப்பு. சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிற பழக்கமும் உண்டு. 14 வயது வரையுள்ள இந்தப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று 2017இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணைப் படித்த பிறகு எனக்கு வெளியூரில் தூக்கம் கிடையாது. அன்று இரவும் அறைத் தாழ்ப்பாளில் என் பழைய கொலுசைக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன். கதவு அசைந்தால் எனக்குக் கேட்க வேண்டும்.

உடனே ஒருவர் வருவார்: "அவ்வளவு ஆபத்து என்றால் தண்ணீர்ப் பக்கமே ஏன் கூட்டிப் போகிறீர்கள்?" நல்ல கேள்வி. வைகை அணையையும் ஊருணியையும் கிணற்றையும் மூடிவிட்டு வந்து கேளுங்கள். தண்ணீர் அவனை இழுக்கிறது. நான் கூட்டிப் போகாவிட்டாலும் இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டு, நான்கு பேர் காவல் நிற்க, இடுப்பளவு நீரில் அவன் பழகட்டும் என்பதற்குத்தான் அங்கே போகிறோம். அதோடு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் வெட்கப்படாமல் சொல்கிறேன்: அவனுக்குப் பிடிக்கும். தண்ணீர் தலையில் கொட்டும்போது அவன் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் நடந்தது வீடியோவில் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. ஆனால் சொல்லத்தான் வேண்டும். என் மகனுக்கு 11 வயது, வளர்த்தி அதிகம். அவன் அப்பா சவூதியில் இருக்கிறார். ஆண்கள் அறைக்கு நான் போக முடியாது. பெண்கள் அறைக்கு அவனைக் கூட்டிப் போனால் பெண்கள் கத்துகிறார்கள், அவர்கள் கத்துவதும் சரிதான். அவனைத் தனியாக அனுப்ப முடியாது. பிறகு எங்கேதான் மாற்றுவது? கடைசியில் டியூப்களை அடுக்கி வைத்திருந்த சாய்ப்புக்குப் பின்னால், இரண்டு தாய்மார்கள் சேலையை விரித்துப் பிடிக்க, ஈரச் சட்டையைக் கழற்றினேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் அந்த ஐந்து நிமிடம் போகவே இல்லை. ஆண், பெண் என்று இரண்டு கதவு வைத்தவர்கள் குடும்பத்தோடு போக மூன்றாவதாக ஒரு கதவு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டுக் கதை சொல்கிறாள் என்பீர்கள், சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கும் செசமி பிளேஸ் என்ற பூங்கா 2018இலேயே ஆட்டிசத்துக்கென ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் வாங்கியது. அடுத்த ஆண்டு ஆர்லாண்டோவில் அக்வாட்டிகா என்ற நீர்ப் பூங்காவும் வாங்கியது. ஒவ்வொரு சறுக்கிலும் சத்தம் எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு, தொடுகை எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். நான் அவ்வளவு கேட்கவில்லை. ஒரே ஒரு தாள் கேட்கிறேன். சைரன் எத்தனை மணிக்கு ஊதும், ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது, பிள்ளை பதறினால் கூட்டிப் போய் உட்கார வைக்கச் சத்தமில்லாத ஒரு மூலை எங்கே என்று எழுதிய தாள். அதற்கு மேல், ஒப்புக்கொண்ட வார்த்தையைக் காப்பாற்றினால் போதும்.

"மற்றவர்களும் பணம் கொடுத்துத்தானே வருகிறார்கள், அவர்கள் சந்தோஷம் கெடலாமா?" என்பது அடுத்த வாதம். கெடக் கூடாதுதான். பத்து நிமிடம் ஒரு குழந்தை அலறினால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கே வரும். ஆனால் அன்று மதியம் நான்கு பெரிய மனிதர்கள் வாயில் வாடையோடு குளத்தில் இறங்கி, பெண்கள் இருக்கும் பக்கமாகவே நீந்திக்கொண்டிருந்தார்களே, அவர்களை ஏன் ஒருவரும் படம் பிடிக்கவில்லை? அவர்களை அறைக்குப் போகச் சொல்ல அந்த மேலாளருக்கு ஏன் வாய் வரவில்லை? தரையில் கிடந்து கத்திய அந்த 8 வயதுப் பையனைச் சொல்ல மட்டும் வந்தது.

"உங்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கச் சொல்லலாமே" என்று அன்போடு எழுதியிருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. வேண்டாம்.

"தண்ணீர் அசுத்தமாகும்" என்றவருக்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் ஒரு சிறப்புக் குழந்தையை விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள், நினைவிருக்கிறதா? குழந்தை பதற்றமாக இருக்கிறான், மற்றப் பயணிகளுக்கு ஆபத்து என்றார்கள். நாடே கொதித்தது. விமானப் போக்குவரத்து இயக்ககம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அன்று இதே முகநூலில் பொங்கியவர்கள் சிலரின் பெயரை அந்த வீடியோவுக்குக் கீழே பார்த்தேன். ராஞ்சி தூரத்தில் இருக்கிறது, அங்கே மனிதாபிமானத்துக்குச் செலவு இல்லை. ஆட்டிச விழிப்புணர்வு நாள் என்று ஏப்ரல் 2ஆம் தேதி நீல வண்ணத்தில் படம் மாற்றியவர்களும் அந்த வீடியோவுக்குக் கீழே இருக்கிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதன் 29ஆவது பிரிவு பொழுதுபோக்கில் சம உரிமை பற்றிப் பேசுகிறது. ஆம், பொழுதுபோக்கு. பள்ளியும் ஆஸ்பத்திரியும் மட்டும் எங்களுக்குப் போதும் என்று நினைப்பவர்கள் படித்துப் பார்க்கலாம். 92ஆவது பிரிவையும் படியுங்கள். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. வீடியோவில் பையனின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவன் அம்மா இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. படம் பிடித்தவரும் பகிர்ந்தவர்களும் அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். மனு எழுதித் தயாராக வைத்திருக்கிறேன்.

இதே ஊரில்தான் சித்திரைத் திருவிழா நடக்கிறது. அழகர் வரும்போது துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுவார்கள் அல்லவா, போன வருடம் ராமராயர் மண்டபத்துக்குப் பக்கத்தில் என் மகனைத் தன் தோளில் தூக்கி வைத்திருந்தார் என் அப்பா. காதில் காதடைப்பான். முகத்தில் தண்ணீர் பட்டதும் இரண்டு கையையும் உதறி உதறிச் சிரித்தான். பக்கத்தில் ஒருவர் சாமியாடிக்கொண்டிருந்தார், அவரும் கையை உதறினார். சுற்றி இருந்தவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வழிவிட்டு நின்றார்கள். ஓர் அம்மா அவனுக்கும் திருநீறு பூசிவிட்டார். அத்தனை லட்சம் பேர் கூட்டத்தில், இவனை எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே டிக்கெட்டும் இல்லை.

கேட்டது சொந்தக்காரர்கள்தான். உசிலம்பட்டியில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. "மதினி, அவனை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள், வெடிச் சத்தம் அவனுக்கு ஆகாது" என்று போனில் சொன்னாள். அக்கறைதான், நம்புகிறேன். தாய்மாமன் சவூதியில். அவர் இடத்தில் சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வர வேண்டியவன் அவர் மகன்தானே? அவனுக்கு ஆகாத வெடியைப் பத்து நிமிடம் தள்ளி வைக்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் போனேன். மொய் நோட்டில் என் பெயரையோ இவர் பெயரையோ எழுதச் சொல்லவில்லை. என் மகன் பெயரில் எழுதச் சொன்னேன். எழுதிய பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, எழுதினார். நாத்தனார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மொய் வரலாம், பிள்ளை வரக் கூடாது. டிக்கெட் காசு வரலாம், பிள்ளை வரக் கூடாது. எங்கே போனாலும் இதே கணக்குதான்.

எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதத்தில் பள்ளி நாளாகப் பார்த்து ஒரு புதன்கிழமை மறுபடி போகிறோம். வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை முடித்துக்கொள்வோம். இந்த முறை மேலாளரிடம் சொல்வதோடு விடப்போவதில்லை. அலைக் குளத்தில் பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கிற தம்பியின் கையிலேயே தாளைக் கொடுக்கப் போகிறேன். வர நினைக்கும் பெற்றோர் உள்பெட்டியில் எழுதுங்கள். என்னிடம் கூடுதலாகக் காதடைப்பான்கள் இருக்கின்றன, பட அட்டைகளை நகல் எடுத்துத் தருகிறேன். "போன ஜென்மத்துப் பாவம்" என்று ஆரம்பிக்கிற கருத்துகளைப் படிக்காமலே அழித்துவிடுவேன். நைலான் உடையை மட்டும் கடைசி வாரத்தில் வாங்காதீர்கள். இப்போதே வாங்கித் துவைக்க ஆரம்பியுங்கள்.