கணக்கு வராதவர்கள்

எங்கள் கல்லூரியின் சனிக்கிழமை விழாவைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அந்த நாற்பது விநாடிக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். சிலர் அக்கறையோடு எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். ஆகவே நடந்ததை விவரிக்கப் போவதில்லை. "கணக்கு வராதவங்கதான் எச்.ஆர். எடுப்பாங்க. ஆயுத பூஜைக்குப் பொரிகடலை வாங்க ஒரு டிகிரி எதுக்கு?" என்று முன்னாள் மாணவராக மேடையேறிய அந்தத் தம்பி கேட்டார். அரங்கம் சிரித்தது. மாணவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த வயதில் நானும் சிரித்திருப்பேன். முன்வரிசையில் இருந்த ஆசிரியர்களும் சிரித்தார்கள் என்பதும், அவர்களில் இருவர் அதே பாடத்தை நடத்திச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதும்தான் நான்கு நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் நடத்துகிற எச்.ஆர்., அதாவது மனிதவள மேலாண்மை, ஒரு கணக்குப் பாடம். நம்பாதவர்கள் ஒரு சம்பளச் சீட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளட்டும். வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளியிடம் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு கட்ட வேண்டும், அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் தொழிலாளியின் பங்கு 0.75, நிறுவனத்தின் பங்கு 3.25. இவற்றைத் தலைகீழாக ஒப்பிக்கிற மாணவர்களும், 'எதன்மீது 12 சதவீதம்?' என்று கேட்டால் தடுமாறுவார்கள். அங்கேதான் கணக்கே இருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக வைத்து, மீதியை அந்தப் படி, இந்தப் படி என்று பிரித்துக் காட்டினால், மொத்தச் சம்பளம் மாறாமலேயே தொழிலாளியின் வைப்பு நிதியும், வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடையும் சுருங்கிவிடும். இப்படிப் பிரித்துக் காட்டும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்று 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வரையறுத்ததற்கு இந்த வித்தைதான் காரணம். பொரிகடலை வாங்குகிறவருக்கு இவ்வளவு தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கணக்குப் பார்த்து வந்தவள் அல்லள். என் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேற்பகுதி தைக்கும் பிரிவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். காலையில் கம்பெனிப் பேருந்து எங்கள் தெருமுனைக்கு வரும். அதற்குள் சோறு வடித்து, எங்கள் இருவருக்கும் தலை வாரி, தன் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு ஓடுவார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஒரு மாதம், வீட்டில் இருப்பார். "கணக்கு முடிச்சு அனுப்பியிருக்காங்க, திரும்பக் கூப்பிடுவாங்க" என்பார். கூப்பிடவும் செய்வார்கள். அதே மெஷின், அதே மேற்பார்வையாளர்; அட்டையில் மட்டும் புது எண் இருக்கும். எனக்கும் தம்பிக்கும் அந்த மாதம் திருவிழாவைப் போல இருந்தது, அம்மா வீட்டில் இருக்கிறாரே என்று.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கையில் பணிக்கொடைச் சட்டம், 1972 என்று எங்கள் ஆசிரியை கரும்பலகையில் எழுதினார். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருந்தால் ஓராண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்றார். மாதச் சம்பளத்தை 30ஆல் வகுக்காமல் 26ஆல் வகுக்க வேண்டும், வார விடுமுறையைக் கழித்தால் உழைக்கும் நாள் அவ்வளவுதான் என்று விளக்கினார். நான் 26ஐக் கவனிக்கவில்லை, ஐந்திலேயே நின்றுவிட்டேன். நான்கு ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்த அந்தத் திருவிழாவின் பெயர் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா 2010இல் வேலையை விட்டபோது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 3,900 ரூபாய். 26ஆல் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 150. பதினைந்து நாளுக்கு 2,250. பதினான்கு ஆண்டுகளுக்கு 31,500 ரூபாய். ஐந்தாண்டு நிறையாதபடி அப்படிச் செயற்கையாக உண்டாக்கிய இடைவெளியைத் தொழிலாளர் துறையின் பணிக்கொடை அதிகாரியிடம் கொண்டுபோய் வாதிட வழி இருந்தது. எனக்குப் பாடம் தெரிந்திருந்தது, வழி தெரியவில்லை. விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று எங்கள் பாடப்புத்தகம் சொல்லவில்லை. 'பணிக்கொடை — வரையறு' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டதோடு அதன் கடமை முடிந்துவிட்டது. அந்த 31,500 ரூபாய் எங்களுக்கு வரவில்லை. மேடையில் அந்தத் தம்பி சொன்னதில் ஒரு வகையில் உண்மை இருக்கிறது. நாங்கள் கணக்கு வராதவர்கள்தாம்.

'நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதா மேடம்?' என்று ஒருவர் கேட்கப்போகிறார். தெரியும். வேலூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஏப்ரல் வெயிலில் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் அத்தனை நகைச்சுவையையும் தாங்கிய பயிற்சி உண்டு. ஆனால் விழா முடிந்ததும் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்து, "மேடம், எம்.பி.ஏ.ல ஃபைனான்ஸே எடுத்துக்கட்டுமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாளே, அவளிடம் போய் இது நகைச்சுவை என்று விளக்குங்கள். அவள் பேரணாம்பட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவள். அவள் வீட்டில் பாட்டியும் அம்மாவும் பீடி சுற்றுகிறார்கள். வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றுக்கொண்டதை வகுப்பில் சொன்ன அன்று, அவள் இரண்டு முறை எழுந்து அதே கேள்வியைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

'உங்கள் துறை புராஜெக்ட் எல்லாம் ஜெராக்ஸ் கடையில் வாங்கியவைதானே?' என்று இன்னொருவர் கேட்பார். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 'பணியாளர் மனநிறைவு குறித்த ஓர் ஆய்வு' என்ற தலைப்பை இந்தப் பத்து ஆண்டுகளில் எத்தனை முறை கையெழுத்திட்டிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. சென்ற ஆண்டு ஓர் அறிக்கையில், ராணிப்பேட்டைச் சிப்காட்டில் தொடங்கிய தொழிற்சாலை, நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்து, முடிவுரைக்குள் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. பெயரை மாற்றிய கடைக்காரர் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறந்துவிட்டார். வெளித்தேர்வாளரும் கவனிக்கவில்லை, நான் அவரிடம் சொல்லவும் இல்லை. இது எங்கள் வெட்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொழிற்சாலை வாசலுக்குள் மாணவனை விட மறுக்கிற நிறுவனமும், கடிதம் எழுதித் தர நேரமில்லாத கல்லூரியும், ஐம்பது அறிக்கைகளை ஒரு பிற்பகலில் முடிக்கச் சொல்கிற தேர்வு அட்டவணையும் சேர்ந்து செய்ததை, இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. நிதியியல் புராஜெக்டுகளும் அதே கடையில்தான் பைண்டிங் ஆகின்றன, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

தொழிற்சங்கத்தில் இருக்கும் என் பழைய நண்பர், எச்.ஆர். என்பதே முதலாளியின் கையாள்தான், அதற்கு எதற்குப் பரிந்து பேசுகிறாய் என்று தொலைபேசியிலேயே சண்டை போட்டார். அவரிடம் நேரில் பேசிக்கொள்கிறேன்.

பொரிகடலைக்கு மறுபடியும் வருகிறேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன், 30 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம், 500 பேர் இருந்தால் ஒரு நல அலுவலர் என்று கேட்டது. அந்த நல அலுவலரின் நாற்காலியில்தான் பிற்பாடு 'எச்.ஆர்.' என்ற பலகை மாட்டப்பட்டது. 2021இல் தமிழ்நாடு அரசு, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதை வகுப்பில் சொன்னபோது, லாங்கு பஜார்ப் பக்கம் ஒரு துணிக்கடையில் மாலை நேர வேலை பார்க்கும் பையன், "ஸ்டூல் இருக்கு மேடம், உட்கார்ந்தா ஓனர் பார்ப்பார்" என்றான். என் பாடத்திட்டத்தின் மூன்று அலகுகளும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதே, அந்தப் பத்து நாளும் எங்கள் வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு சம்பளச் சீட்டை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள், பெயரை மறைத்துவிடுங்கள் என்றேன். முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேர் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதட்டினேன். மறக்கவில்லை. அவர்கள் வீட்டில் சம்பளச் சீட்டு என்ற காகிதமே இல்லை. குடியாத்தத்தில் தறி, காட்பாடியில் கொத்தனார் வேலை, சத்துவாச்சாரியில் ஹோட்டல், வாலாஜாவில் வீட்டு வேலை. அதட்டியதற்கு மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

அதே மேடையில் அந்தத் தம்பி தன் உரையின் நான்காவது படமாக எதைக் காட்டினார் என்று காணொளியை வெட்டிப் பகிர்ந்தவர் யாரும் சொல்லவில்லை. மனிதத் தேவைகளை அடுக்கடுக்காகக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு! என் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் படித்த அதே பிரமிடு. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது என்பதையும் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அது அவருக்கு நினைவில்லை. என்னையும் நினைவில்லை போலும், வணக்கம் சொன்னபோது, "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார்.

இதை எழுதக் கூடாது என்று தோழி சொன்னாள். எழுதிவிட்டேன். இதோடு இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் சுயநிதிப் பிரிவில், மதிய ஷிஃப்ட்டில் பாடம் நடத்துகிறவள். ஒவ்வொரு ஜூனிலும் எனக்குப் புதிய நியமன ஆணை வரும், பதினோரு மாதத்துக்கு. ஏப்ரல் கடைசியில் விடுவிப்புக் கடிதம் வரும். மே மாதம் சம்பளம் இல்லை. ஆசிரியர்களும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் வருவார்கள் என்று 2009இல் திருத்தம் செய்து, அதை 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று ஆக்கினார்கள். குறித்த காலப் பணியாளர் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டு போதும் என்று 2020ஆம் ஆண்டின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கும் வந்துவிட்டன. ஓராண்டு. என் ஆணை பதினோரு மாதம். இதைக் கணக்குப் போட்டவர் யாராக இருந்தாலும், அவர் மனிதவள மேலாண்மையை நன்றாகப் படித்தவர். சிரித்தவர்களில் அவரும் இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இது சொந்த மனக்குறை, பாடத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் கேளுங்கள். அம்மாவின் அட்டையும் என் ஆணையும் ஒரே மேசை டிராயரில் இருக்கின்றன. எனக்கு அவை இரண்டும் ஒரே பாடமாகத்தான் தெரிகின்றன.

அந்த மாணவிக்கு, எம்.பி.ஏ.வில் எதை எடுப்பது என்று நான் சொல்லவில்லை. பாட்டியின் பீடிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துவா, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை கொண்டுவருகிறாள். மதியம் இரண்டரை மணி, இரண்டாவது மாடியின் கடைசி அறை. அந்தத் தம்பிக்கு நேரம் இருந்தால் கால்குலேட்டரோடு வரட்டும். வரும் திங்கள் முடியாவிட்டால் வேறொரு திங்கள் வரட்டும்; ஏப்ரல் முடியும்வரை நான் அங்கேதான் இருப்பேன்.