தனுஷ்கோடிக்கு அரை மணி நேரம் போதாது

ராமேசுவரம் ஒருநாள் சுற்றுலா பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, தனுஷ்கோடிக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கிறது. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2017-இல் சாலை திறந்த பிறகு, காரைக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் பலரும் சாலை முடியும் அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். இடிந்த தேவாலயத்தருகே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளைச் சுவரண்டை கூட்டிப் போங்கள். பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர் அது. உற்றுப் பார்த்தால் கல் முழுக்கப் பூப்பூவாகப் பவளத்தின் கண்கள் தெரியும். எங்கள் பேத்தி அதைத் தடவிக்கொண்டே நின்றாள், கூப்பிட்டும் வரவில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஊர் இன்னும் நெருக்கமானது. இலங்கைக்குக் கொண்டுவிற்கப் போன நம் ஐயாக்கள் பலர் இங்கேதான் ரயிலைவிட்டு இறங்கி, தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலோடு போயிற்று. அதில் இருந்த அத்தனை பேரும் மாண்டார்கள். ரயில் நிலையத்தின் மிச்சச் சுவர்களைக் காட்டி இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

அந்தச் சுவர்கள்மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உப்புக்காற்று தின்றது போதாதா? தயவுசெய்து யாரும் ஏறாதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள்.

நிழல் அரிது. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கட்டுச்சோற்று இலையை வண்டியிலேயே திரும்ப எடுத்து வாருங்கள்.